வெறும்பந்து

"ஓடுறவனப் பாத்து ஓடாதீங்க பிள்ளைகளே. ஓடுறவன் பாக்குற..."

வெள்ளாந்துறையில் விண்மீன் கால்பந்துக் கழகம் தொடங்கிய நாளில் அப்போதைய பங்குச் சாமியார் மேடையில் இப்படித்தான் பேசினார். வாக்கியம் முடிவதற்குள் மைக் நின்றுவிட்டது. சாமியார் அதைக் கவனிக்கவில்லை. வாய் அசைந்துகொண்டே இருந்தது. ஓடுகிறவன் பார்க்கிற திசையை என்று சொன்னதாகச் சிலர் சொல்வார்கள். பார்க்கிற கடலை என்று வேறு சிலர். மேடைக்கு மிக அருகில் உட்கார்ந்திருந்த கிளீற்றஸுக்கோ, சாமியாரின் வெள்ளை அங்கியில் ஒரு தும்பி உட்கார்ந்திருந்தது மட்டுமே நினைவிருக்கிறது.

கிளீற்றஸ் இப்போது அந்தக் கழகத்தின் தலைவர். ஐம்பதை நெருங்குகிறார். ஊரில் ஐஸ் பிளாண்ட் வைத்திருக்கிறார்.

கொச்சிப் பக்கமிருந்து ஒரு பெரிய கிளப் ரோஜினைக் கேட்டுப் போன் செய்தபோது, உடைத்த ஐஸின் மேல் ஒரு கையை ஊன்றியபடி நின்றிருந்தார். மறுமுனையில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வேண்டும், இல்லாவிட்டால் வேறு பையனைப் பார்த்துக்கொள்கிறோம் என்றார். போனை வைத்த பிறகுதான் கை மரத்துப்போயிருந்தது தெரிந்தது.

ரோஜின் விண்மீனின் ஸ்ட்ரைக்கர். போன வருடம் அணி போட்ட கோல்களில் ஒன்றைத் தவிர மற்றவையெல்லாம் அவனுடையவை. அந்த ஒன்றும் எதிரணிக்காரன் தன் கோலிலேயே அடித்துக்கொண்டது, பின்னால் ரோஜின் வருகிறான் என்ற பதற்றத்தில்.

அவனால்தான் மாவட்டத்தின் முதல் பிரிவில் இடம் கிடைத்தது. அவன் போனால் அந்த இடமும் போகும். முதல் பிரிவில் இல்லாத கழகத்துக்குப் பிள்ளைகளை அனுப்ப யாருக்கும் மனசு வராது. பக்கத்து ஊர்க் கழகம் அப்படித்தான் பூட்டிக் கிடக்கிறது. ரோஜினை அனுப்பாமல் வைத்துக்கொண்டால், அவனுக்கு இப்படி ஒரு அழைப்பு இனி வராது. முழங்காலை நம்பிப் பிழைக்கிறவனுக்குக் காத்திருக்க நேரம் ஏது?

கிளீற்றஸ் கழகத்தின் பயிற்சியாளரான ஆசானைப் பார்க்கக் கிளம்பினார்.

வழியில் ஏலக் கூடத்தில் கித்தேரியம்மா பிடித்துக்கொண்டாள். அவளுடைய மகன்களுக்கு இரண்டு வள்ளம் உண்டு. வெள்ளாந்துறையில் எந்த வள்ளம் கரையேறினாலும் ஒரு மீனைக் கழகத்தின் கூடையில் போட்டுவிட்டுத்தான் மற்றதை ஏலத்துக்குக் கொண்டுபோவார்கள். அதற்குப் பந்துமீன் என்று பேர். பூட்ஸும் சட்டையும் பஸ் செலவும் அந்தக் கூடையிலிருந்துதான்.

"லே கிளீற்றஸ், நில்லு. பையன வித்துப்போட்டியாமே."

"இன்னும் இல்ல கித்தேரியம்மா."

"விக்கும்போது எனக்கும் பங்கு எடுத்து வச்சிரு. நான் போட்ட பந்துமீனுல பாதி அவன் தொடையிலதான் இருக்கு."

பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்தார்கள்.

"அப்போ விக்க வேண்டாம்ணு சொல்லுதியளா?"

"நான் எங்க அப்பிடிச் சொன்னேன்? நல்ல மீன விக்காம கூடையிலயே வச்சிருந்தா என்னாவும்ணு எனக்குத் தெரியாதா?"

"அப்போ விக்கச் சொல்லுதிய."

"அதையும் சொல்லல. நீதான தலைவரு. நான் தலைவரா?"

கிளீற்றஸ் நடந்தார். முதுகுக்குப் பின்னால் சிரிப்பு இன்னும் கொஞ்ச தூரம் வந்தது.

ஆசான் பனியடிமை, மைதானத்தில் இருந்தார். தெற்குக் கோலுக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வலையில் ஓட்டை விழுந்த இடத்தைத் தைத்துக்கொண்டிருந்தார். பழைய மீன்வலையைத்தான் கோலுக்குக் கட்டியிருந்தார்கள். வெளியே இருந்து பார்த்தால் ஆசானும் ஏதோ ஒரு மாலையில் அதில் மாட்டிக்கொண்டு, பிறகு அப்படியே இருந்துவிட்டவர் போலத் தெரிந்தார். கிளீற்றஸைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். கிளீற்றஸுக்குக் கோல் காக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். அவரைவிட மூத்தவர்களும் அவரை ஆசான் என்றுதான் கூப்பிட்டார்கள்.

"கொச்சிக்காரங்க போன் பண்ணினாங்க, ஆசானே."

"ரோஜினையா?"

"பின்ன என்னையா?"

ஆசான் ஊசியை வாயில் கவ்விக்கொண்டு சிரித்தார்.

கிளீற்றஸ் கோல் கம்பத்தில் சாய்ந்து நின்றார். மைதானத்தின் மேற்கு ஓரம் கடல். கோடு போட்ட சுண்ணாம்பு முடியும் இடத்திலிருந்து அலை தொடங்கும். போன மழைக்காலத்தில் கடல் உள்ளே வந்து ஒரு மூலைக்கொடியை எடுத்துக்கொண்டு போனது.

"அவனுக்காக அவங்க தர்ற பணம் வந்தா கடல் ஓரத்துல கல்லு போட்டுரலாம்ணு கமிட்டியில சொல்லுதாங்க."

"கல்லு போட்டா?"

"மைதானம் நிக்கும்."

"நல்லது. நின்ன மைதானத்துல ஆரு ஆடுவா?"

"அதத்தான் நானும் கேட்டேன். அவன் இல்லேண்ணா ஒரு பயலும் நம்மள மதிக்கமாட்டான்."

"அப்போ விடாத."

"விடாம வச்சிருந்தா நாளைக்கு அவன் என் மூஞ்சியப் பாப்பானா ஆசானே? இஞ்சதான் இருப்பான். ஐஸ் பிளாண்டு வழியாத்தான் போவான் வருவான். ஆனா பாக்கமாட்டான்."

"அப்போ விடு."

"இதென்ன, கித்தேரியம்மா மாதிரியே பேசுதிய."

"கித்தேரி என்ன சொன்னா?"

கிளீற்றஸ் சொன்னார். ஆசான் கேட்டுவிட்டு, தைத்த முடிச்சை இழுத்துப் பார்த்தார். முடிச்சு நின்றது.

"எனக்கு ஒரு வார்த்த சொல்லுங்க. விக்கட்டா, வேண்டாமா?"

ஆசான் கடலைப் பார்த்தார். தூரத்தில், தண்ணீரும் வானமும் சேருகிற இடத்தில் சாம்பல் நிறம் கட்டிக்கொண்டிருந்தது.

"நாளைக்குக் கடல் சரியிருக்காது. வெறும்பந்துதான். விடிய வா."

வெறும்பந்து என்பது வெள்ளாந்துறையில் மட்டும் உள்ள பழக்கம். ஆனி, ஆடி மாதங்களில் கடல் பொங்கி நிற்கும். அந்த நாட்களில் மேற்கு ஓரம் தாண்டிய பந்து திரும்பி வராது. அதனால் கழகத்தில் பந்தை எடுக்காமலே பயிற்சி நடத்துவார்கள். எல்லாரும் ஓடுவார்கள், அடிப்பார்கள், நெஞ்சில் வாங்குவார்கள், தலையால் முட்டுவார்கள், கோலி பாய்வான். பந்து மட்டும் இருக்காது. ஒருவன் கால் வீசுவதைப் பார்த்து அடுத்தவன் அது எங்கே வந்து விழும் என்று தெரிந்துகொள்ள வேண்டும். வெளியூர்க்காரர்கள் பார்த்தால் பயந்துபோவார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு அதில் ஆஃப்சைடு உண்டு, ஃபவுல் உண்டு, ஒரு முறை கைகலப்பும் உண்டு.

மறுநாள் விடிந்தபோது சாரல் அடித்தது. கடலிலிருந்து கிளம்பிய நீர்ப்புகை மைதானத்தின் மேல் ஏறி நின்றது. பாதி மைதானம் இருந்தது. மறுபாதியை யாரோ இன்னும் யோசித்துக்கொண்டிருப்பது போல இருந்தது. பையன்கள் அந்தப் பக்கமிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். முதலில் சத்தம் வந்தது, பிறகு நிறம், கடைசியில் ஆள்.

கிளீற்றஸ் கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு வள்ளத்தின் மேல் உட்கார்ந்திருந்தார்.

ஆசான் ஆட்களை இரண்டு அணியாகப் பிரித்தார். ரோஜினைப் பார்த்துச் சொன்னார்:

"நீ மாமாகூட இரி."

"ஏன் ஆசான்? காலுக்கு ஒண்ணுமில்ல."

"காலுக்கு ஒண்ணுமில்லேண்ணா உக்காரக் கூடாதா?"

ரோஜின் வந்து வள்ளத்தின் மறுமுனையில் உட்கார்ந்தான். இருபத்திரண்டு வயது. நீளமான கால்கள். அவற்றை எங்கே வைப்பது என்று தெரியாமல் மணலில் நீட்டி வைத்தான்.

ஆசான் விசில் ஊதினார்.

கோலி டெரிக் வெறும்பந்தை உருட்டிவிட்டான். இடது பக்கம் நின்ற அருளப்பன் வாங்கினான். அதிகம் பேசாத பையன் அவன். வாங்கிய உடனே நடுக்களத்தில் பெலிக்ஸுக்குத் தள்ளினான். பெலிக்ஸ் ஒருவனை ஏமாற்றித் திரும்பி, காலை ஓங்கி முன்னால் அடித்தான்.

அடித்துவிட்டு நின்றான்.

எல்லாரும் நின்றார்கள்.

"பந்து எங்கலே?" என்றான் எதிரணியில் ஒருவன்.

"முன்னால அடிச்சேன்லா."

"முன்னால ஆருக்கு?"

பெலிக்ஸ் முன்னால் பார்த்தான். அங்கே புகை இருந்தது.

"எப்பவும் அடிக்கிற எடத்துக்குத்தான் அடிச்சேன்."

"அங்க ஆருமில்லியே."

"ஆருமில்லேண்ணா பந்து அங்கதான கெடக்கும்? போய் எடு."

"நீ அடிச்ச பந்த நான் என்னத்துக்கு எடுக்கணும்?"

"டெரிக், நீ பாத்தியா?"

"எனக்கு இஞ்சேருந்து என் கையே தெரியல," என்றான் டெரிக் புகைக்குள்ளிருந்து.

மறுபடி தொடங்கினார்கள். இந்த முறை வலது பக்கமாகக் கொண்டுபோனார்கள். அதே இடத்துக்கு அடித்தார்கள், அதே போல நின்றார்கள். மூன்றாம் தடவை பந்து நடுவிலேயே காணாமல்போனது. யாரிடமிருந்து போனது என்றுகூடத் தெரியவில்லை. இல்லாத பந்தைத் தொலைத்துவிட்டு இருபது பேர் மணலில் நின்றார்கள். சாரல் அவர்கள் மேல் ஒரே அளவாக விழுந்தது. ஒருவன் குனிந்து பூட்ஸ் கயிற்றைக் கட்டினான். கயிறு அவிழ்ந்திருக்கவே இல்லை.

ஆசான் விசில் ஊதவில்லை. வள்ளத்தின் பக்கம் திரும்பித் தலையை ஆட்டினார்.

ரோஜின் எழுந்து உள்ளே நடந்தான். ஓடக்கூட இல்லை. அவன் கோட்டைத் தாண்டியதும் மைதானத்தில் எல்லாத் தலையும் அவன் பக்கம் திரும்பியது. பந்து வந்துவிட்டது. அவனுடைய வலது காலடியில் கிடந்தது. இருபது பேரும் பார்த்தார்கள். கிளீற்றஸும் பார்த்தார். ரோஜின் இரண்டு எட்டு வைத்தான், உடம்பை ஒருபுறம் சாய்த்தான், அடித்தான். எதிர்க் கோலி எதிர்ப்பக்கம் பாய்ந்து விழுந்தான். வலை அசைந்தது. காற்றாகவும் இருக்கலாம்.

பையன்கள் அவனைக் கட்டிக்கொண்டார்கள். பெலிக்ஸ் அவன் முதுகில் ஏறினான்.

கிளீற்றஸ் எழுந்து ஆசானிடம் போனார். கண் கலங்கியிருந்தது. சாரல் என்று சொல்லிக்கொள்ளலாம்.

"புரிஞ்சுது ஆசானே."

"என்ன?"

"குடுக்கக் கூடாது. அவன் போனா நமக்குப் பந்தே இல்ல."

"அப்பிடியா."

"கண்ணால பாத்தேன்லா."

"சரி. போறதுக்கு முந்தி அவன்கிட்ட ஒண்ணு கேட்டுட்டு வா."

"என்ன கேக்க?"

"பந்து எங்கேருந்து வந்துதுன்னு கேளு."

கிளீற்றஸ் ரோஜினைத் தனியாகக் கூப்பிட்டார். இருவரும் வள்ளத்தடியில் நின்றார்கள். அலை ஏறி வந்து அவர்கள் காலடி வரை தொட்டுப் போனது.

"மக்கா, அந்த கோலு. பந்து உனக்கு எங்கேருந்து வந்தது?"

ரோஜின் சிரித்தான். பிறகு, மாமா விளையாட்டுக்குக் கேட்கவில்லை என்று தெரிந்ததும் சிரிப்பை நிறுத்தினான்.

"தெரியாது மாமா."

"தெரியாதா?"

"நான் உள்ள போனேன். எல்லாரும் என் காலப் பாத்தாங்க. சரி, இருக்கு போலன்னு அடிச்சேன்."

"நீ பாக்கலியா?"

ரோஜின் காலால் ஈர மணலைத் தள்ளினான்.

"முந்தி பாப்பேன். நெசமாத்தான் மாமா. வெறும்பந்து ஆடும்போது அது எங்க உருளுதுன்னு எனக்குத் தெரியும். சத்தம்கூடக் கேக்கும். பெலிக்ஸ் என் காலுலேருந்து அதப் பிடுங்கிட்டுப் போவான். நான் இல்லேம்பேன், அவன் ஆமாம்பான், சண்ட போடுவோம். இப்ப ஆரும் பிடுங்க வாறதில்ல. நான் நிக்கிற எடத்துல பந்து இருக்குன்னு அவங்களே சொல்லிருதாங்க."

"அது நல்லதுதான?"

"கோலு விழுது. நல்லதுதான்."

கிளீற்றஸ் அவன் முகத்தைப் பார்த்தார். வாரா வாரம் ஊரே தோளில் தூக்குகிற முகம் அது. அதில் இப்படி ஒரு களைப்பை அவர் பார்த்ததில்லை.

"கொச்சிக்குப் போணும்ணு ஆசையா?"

"அங்க எனக்கு ஆரும் பந்து தரமாட்டாங்களாம் மாமா. போன்ல அந்தக் கோச் சொன்னாரு. மொத ஆறு மாசம் பந்து பாக்கவே முடியாது, ஓடிப் பிடுங்கிக்கிட்டாத்தான் உண்டுன்னாரு."

"பயமா இருக்கா?"

"பயமாத்தான் இருக்கு," என்றான் ரோஜின். பயம் என்ற சொல்லை, பிடித்த தின்பண்டத்தின் பெயரைச் சொல்வதுபோலச் சொன்னான்.

"நான் விடலேண்ணா?"

"இருப்பேன் மாமா. நீங்க சொன்னா இருப்பேன்."

கிளீற்றஸ் திரும்பி வந்தார். புகை இன்னும் இறங்கியிருந்தது. ஆசான் அதற்குள் நடுக்கோட்டில் போய் நின்றிருந்தார். பக்கத்தில் போனால்தான் தெரிந்தார்.

"அவனுக்கும் தெரியல ஆசானே."

"ம்."

"அவன் பாத்துக்கிட்டிருக்கான்னு இவங்க நெனைக்காங்க. இவங்க பாக்காங்கன்னு அவன் அடிக்கான்."

"ம்."

"ஆனா அவன் போனா நம்ம தோத்துருவோம்."

"தோப்போம்."

"கீழப் பிரிவுக்குப் போயிருவோம்."

"போவோம்."

"கழகத்தப் பூட்டுற மாதிரி ஆயிட்டா? நான் தலைவரா இருக்கும்போது?"

ஆசான் கையைத் தூக்கி ரோஜினை மறுபடி வள்ளத்தின் பக்கம் போகச் சொன்னார். பிறகு மற்றவர்களைப் பார்த்து விசிலை ஊதினார்.

யாரும் அசையவில்லை. மைதானத்தில் அலைச் சத்தம் மட்டும் இருந்தது. ஆசான் மறுபடி ஊதவில்லை. அவசரமே இல்லாமல் நின்றார். பையன்கள் முதலில் அவரைப் பார்த்தார்கள். பிறகு வள்ளத்தைப் பார்த்தார்கள். அதற்கும் பிறகு, வேறு வழியில்லாமல், ஒருவர் காலை ஒருவர் பார்த்தார்கள்.

"எங்கிட்ட இருக்கு," என்றான் பெலிக்ஸ் கடைசியில்.

"பொய்."

"இருக்குன்னு சொல்லுதேன்லா."

"இருந்தா ஓடுலே பாப்போம்."

பெலிக்ஸ் ஓடினான். எதிரணியில் இருவர் அவனை மறித்தார்கள். ஒருவன் காலை நீட்டினான். பெலிக்ஸ் அதைத் தாண்டினான், தடுமாறினான், எழுந்தான். பந்து போயிற்று என்றான் ஒருவன். போகவில்லை என்றான் பெலிக்ஸ். தள்ளிக்கொண்டார்கள். ஒருவனுடைய சட்டை கிழிந்தது. டெரிக் கோலை விட்டுப் பாதி மைதானம் ஓடி வந்து, தான் எல்லாவற்றையும் பார்த்ததாகவும், பந்து இப்போது அருளப்பனிடம் இருப்பதாகவும் கத்தினான். அருளப்பன் கீழே குனிந்து பார்த்தான். அவன் முகம் மாறியது. அது அங்கே இருந்தது போலிருக்கிறது.

"அடிலே," என்றான் பெலிக்ஸ்.

அருளப்பனுக்கு இதுவரை யாரும் அடிக்கச் சொன்னதில்லை. அவன் வேலை வாங்கித் தள்ளிவிடுவது. அவன் பின்னால் நகர்ந்தான், ஓடி வந்தான், இருக்கிற பலத்தையெல்லாம் காலில் திரட்டி அடித்தான்.

எல்லாத் தலைகளும் ஒன்றாக உயர்ந்தன. எல்லாத் தலைகளும் ஒன்றாக மேற்கே திரும்பின. கோடு, ஈர மணல், நுரை. எல்லார் கண்ணும் ஒரே இடத்தில், மூன்றாவது அலைக்கு அப்பால், ஏறி இறங்கியது.

ஒருவரும் சண்டை போடவில்லை.

கடலில் அடித்தவன்தான் போய் எடுத்து வர வேண்டும், அது மைதானத்தின் பழைய சட்டம். ஆனால் வெறும்பந்தில் யாரும் கடலுக்குப் போவதில்லை. கையைத் தூக்கி, வந்தாச்சு என்று சொன்னால் போதும். ஆட்டம் தொடரும்.

அருளப்பன் கையைத் தூக்கவில்லை. பூட்ஸைக் கழற்றிக் கோட்டின் மேல் வைத்தான். மணலில் நடந்தான். முதல் அலை அவன் முழங்காலில் அடித்தது. இரண்டாவது அலையில் இடுப்பு வரை நனைந்தான். மற்றவர்கள் கோட்டின் மேல் வரிசையாக வந்து நின்றார்கள். வள்ளத்தின் பக்கத்தில் ரோஜின் எழுந்து நின்று, கழுத்தை நீட்டி, அதே இடத்தைப் பார்த்தான். அருளப்பன் நின்று, பின்னால் திரும்பி, எங்கே என்பதுபோலக் கையை விரித்தான்.

"இன்னும் வலத்தே," என்று கத்தினார்கள் எல்லாரும். ரோஜினும் கத்தினான்.

புகை நகர்ந்து வந்து பையனின் தலையை மறைத்தது.

கிளீற்றஸ் ஆசானின் கையைப் பிடித்தார்.

"ஆசானே, அவன் எங்க போறான்?"

"பந்து எடுக்க," என்றார் ஆசான்.

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், அருளப்பன் முன்வரிசையில் உட்கார்ந்திருக்க, ரோஜினைக் கொச்சிக்கு அனுப்புவது, அவன் இடத்துக்கு வெளியிலிருந்து ஒருவரையும் எடுப்பதில்லை என்று கிளீற்றஸ் முடிவு சொன்னார்.